டிராக்டர் பின்னால் தொங்கும் பிள்ளை



கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் முண்டியம்பாக்கம், நெல்லிக்குப்பம் ஆலைகளுக்குப் போகும் சாலைகளில் டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு மூன்று பையன்கள் ஓடுவார்கள். ஒருவன் கரும்பை உருவுவான். ஒருவன் பின்கட்டையில் காலை வைத்துத் தொற்றிக்கொள்வான். இன்னொருவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போவான். பார்க்கிற பெரியவர்கள், "நாங்க செய்யாததா?" என்று சிரிப்பார்கள்.

செய்தவர்கள்தான். ஆனால் அன்று போனது மாட்டு வண்டி. அது ஆள் நடக்கிற வேகத்தில் போகும். கை நழுவினால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான். டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால்கூட ஒரு விநாடிக்குச் சுமார் 18 அடி ஓடிவிடும். கரும்புப் பாரம் வீட்டுக்கூரை உயரம் நிற்பதால், பின்னால் யார் தொங்குகிறார்கள் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அவர் பிரேக் போட்டால் சைக்கிள் பையன் டிரெய்லர் மேல் மோதுவான். ஒரு கை சங்கிலியில் இருக்கும்போது இவனால் சரியாகப் பிரேக் பிடிக்க முடியாது. இழுப்பு ஒரு பக்கமாக இருப்பதால் முன் சக்கரம் டிரெய்லர் பக்கமே திரும்பப் பார்க்கும். டிராக்டரின் பெரிய டயர் ஏறி இறங்கிவிடுகிற பள்ளத்தில் சைக்கிள் டயர் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பிடித்தவன் விழுந்தால் டிரெய்லர் சக்கரம். பின்னால் பிடித்தவன் விழுந்தால் பின்னே வரும் லாரி.

பட்டணத்துப் பிள்ளைகள் இதையே காலில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டும், சக்கரப் பலகையில் நின்றும் செய்கிறார்கள். 1985-இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' என்ற ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் ஜீப்பின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். இப்போது அதுபோன்ற காட்சிகளைச் செல்போனில் உங்கள் பிள்ளையும் பார்க்கிறான். சக்கரப் பலகையில் பிரேக்கே கிடையாது என்பதை அந்தக் காட்சி சொல்லாது.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. விழுந்த பிள்ளை எழுந்து, "ஒண்ணும் இல்லம்மா" என்று நடந்தே வீட்டுக்கு வரலாம். சோறும் தின்னலாம். அப்பா அடிப்பார் என்று விழுந்ததையே சொல்லாமல் மறைக்கலாம். இதற்கிடையில் மண்டைக்குள் ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கக்கூடும். மண்டை ஓடு எலும்பு, அது விரியாது. ஆகவே மூளைதான் நசுங்கும். சில மணி நேரம் கழித்துத் தலைவலி கூடும், திரும்பத் திரும்ப வாந்தி வரும், பேச்சு குழறும், பிள்ளை அரைத் தூக்கமாகக் கிடக்கும். "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். எழுப்பிப் பாருங்கள். சரியாக எழவில்லை என்றாலும், ஒரு கண்ணின் கருமணி பெரிதாகத் தெரிந்தாலும், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வந்தாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். ஆகவே, விழுந்ததைச் சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"அவங்க அப்பா கண்டிக்கட்டும்" என்று அம்மா இருப்பதும், "நீதானே வீட்டுல இருக்கே" என்று அப்பா இருப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு. இருவரும் ஒரே பேச்சாகச் சொன்னால்தான் பிள்ளை கேட்கும். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் அப்பாவின் புத்திமதி அவ்வளவாக எடுபடாது! பையன் ஏன் தொங்குகிறான் என்றும் கேளுங்கள். பள்ளிக்கூடம் தூரமா, காலையில் மாட்டு வேலை முடித்துக் கிளம்ப நேரமாகிவிடுகிறதா? அப்படியானால் மாட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டு அவனைக் கால்மணி முன்னால் அனுப்புங்கள். கரும்பு ஆசையா? ஒரு கழி வாங்கிக் கொடுங்கள். டிராக்டர் வைத்திருப்பவர் உங்கள் உறவுமுறைதான் என்றால், ஊருக்குள் நுழையும்போது ஒரு தடவை நிறுத்திப் பின்னால் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வண்டிக்கு வெளியே ஆளைத் தொங்கவிட்டு ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லலாம்.

சாலையில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள். காயத்தில் காப்பித்தூள் வைக்காமல், சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். வாந்தி எடுத்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாக ஒருக்களித்துத் திருப்புங்கள். ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டாம், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் கை கால் விளங்காமல் போய்விடும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். உதவி செய்பவர்களைச் சட்டம் வெளிப்படையாகவே பாதுகாக்கிறது. 108-க்குப் போன் செய்து ஊர்ப்பெயர், எந்தச் சாலை, பக்கத்தில் என்ன கோயில் அல்லது பாலம், எத்தனை பேருக்கு அடி என்று சொல்லுங்கள். எதிர்முனையில் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி முடியும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் பிரதான சாலைக்குப் போய் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும்.