அட்டைக்கு ஒரு கும்பிடு

கேள்வி: என் மனைவிக்கு மயஸ்தீனியா கிராவிஸ். சாயங்காலம் ஆனால் இமை சரிகிறது, சோறு விழுங்கவே சிரமம். ஜிப்மரில் ‘பிளாஸ்மா மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். ரத்தத்தைக் கழுவும் இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தது யார்?
– ஒரு வாசகர், உறுவையாறு

பதில்: அட்டை. சிரிக்காதீர்கள்.

1914இல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஜான் ஜேக்கப் ஏபல் என்பவர் நாய்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மட்டும் திருப்பிச் செலுத்தினார். வெளியே வந்த ரத்தம் உறையக் கூடாதே? அந்நாளில் அதற்கு ஹிருடின்தான் கதி. அது இருப்பது அட்டையின் தலையில். வெட்டு, அரை, சாறெடு! அட்டைகளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவை. உலகப்போர் மூண்டதும் வரத்து நின்றது. நாம் சுண்ணாம்பு தடவித் துரத்துகிற பிராணிக்கு அங்கே அத்தனை கிராக்கி! அட்டைக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லி இந்தப் பக்கத்தில் எத்தனை முறைதான் எழுதுவது?

நடுவில் நடந்ததெல்லாம் அலுப்பு. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததால் ஐபிஎம் இன்ஜினியர் ஜார்ஜ் ஜட்சன் ரத்த அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் இறங்கினார். 1965இல் அது தயார். மயஸ்தீனியாக்காரர்களுக்குப் பிளாஸ்மா மாற்றியது 1976 வாக்கில், லண்டனில்.

‘கழுவும்’ என்றீர்களே, உங்கள் மனைவியின் ரத்தத்தில் அழுக்கே கிடையாது. அது ‘ரத்த சுத்தி’ டானிக் விற்பவர்கள் கட்டிய கதை. அவர்களை நான் விடுவதாக இல்லை. நரம்பின் சேதியைத் தசை வாங்கும் இடத்தை, அவர் உடம்பே தயாரித்த எதிர்ப்பொருள்கள் தாக்குகின்றன. அவை பிளாஸ்மாவோடு ஓடுபவை. அதை எடுத்துவிட்டு அல்புமின் திரவம் ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை லிட்டர்; பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், நாலைந்து தடவை. ஆனால் உடம்பு எதிர்ப்பொருளைத் திரும்பவும் தயாரிக்கும். பலன் சில வாரங்களுக்குத்தான். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இப்போது அட்டை வேலையைப் பெரும்பாலும் சிட்ரேட் பார்க்கிறது. அது ரத்தத்துக் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். உதடு குறுகுறுத்தால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): ஊரார் ரத்தம் உள்ளே போனால் குணம் மாறிவிடுமா?

பதில்: அல்புமின், பலர் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதம். குணம் அதில் வராது. வருமென்றால் நான் முதலில் என் வீட்டு ஓனருக்கு ஏற்றச் சொல்லியிருப்பேன்.