பாடவேளையும் பணிச்சுமையும்

ஆசிரியப் பணியை அமானிதமாகக் கருதுவது நம் மரபு. அவ்வமானிதத்தைப் பங்கிடும் கால அட்டவணையிலும் நீதம் இருத்தல் வேண்டும்.

முழுநேர ஆசிரியரின் பணி வாரத்திற்கு 40 மணிக்குக் குறையலாகாது என்றும், அதனுள் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியர்க்கு 16 மணி, இணைப் பேராசிரியர்க்கும் பேராசிரியர்க்கும் 14 மணி என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வரையறுத்தது. பழைய முகமதியர் கல்லூரியின் வழிவந்த நந்தனம் அரசு கலைக் கல்லூரிக்கும், நம்மனோர் நடத்தும் கல்லூரிகளுக்கும் அளவுகோல் ஒன்றே. 2016 மே மாதம் கற்பித்தல் நேரத்தை உயர்த்த முற்பட்டபோது தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணித்துப் போராடினர். சில வாரங்களிலேயே அவ்வுயர்வு கைவிடப்பட்டது.

ஆயின், மணிக்கணக்கு மட்டுமே நீதமாகிவிடுமா? முதுகலையில் இருபது மாணவர்க்குப் பாடம் சொல்வதும் ஒரு மணி. பகுதி ஒன்று தமிழில் எழுபது மாணவர் முன் நிற்பதும் ஒரு மணி! யாம் கணக்கிட்டுப் பார்த்தோம். அத்தகைய மூன்று வகுப்புகளை ஏற்றவர்க்கு ஒரு தேர்வுக்கு 210 விடைத்தாள்கள். தாளுக்கு ஆறு நிமிடம் எனினும் 21 மணி நேரம். (ஒற்றுப்பிழை பார்க்கும் தமிழாசிரியர்க்கு ஆறு நிமிடம் எங்ஙனம் போதும்?) இவ்விருபத்தொரு மணி எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை, ஆய்வுக்கென ஒதுக்கிய இரவுகளையே அது விழுங்குகின்றது.

எனவே அட்டவணை வகுக்குங்கால் பாடவேளைக்கு அருகில் மாணவர் தொகையையும் துறைத்தலைவர் குறித்தல் வேண்டும். பெருவகுப்புகளை ஏற்றவர்க்கு அப்பருவத்தில் தேர்வுக்குழு, விழாக்குழுப் பொறுப்புகளிலிருந்து விலக்களித்து, அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். இம்மலரைத் தொகுத்தவரையும் அக்கணக்கில் சேர்த்தல் தகும்.