மலைச்சரிவில் வீடு விற்பவர் காட்ட வேண்டியவை

அன்பின் மருமகனுக்கு,

வீட்டை விற்பதற்குமுன் அதை அழகுபடுத்த வேண்டும் என்பது எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் அறிவுரையாகும். ஆயினும் மலையகத்தில் வீடு வாங்க வருபவர் நான்கு சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. அவற்றோடு சேர்த்து ஒரு மலைச்சரிவையும், அச்சரிவில் ஓடும் நீரையும், அந்நிலத்தின் உரிமையைச் சொல்லும் காகிதத்தையும் வாங்குகிறார். ஆகவே ஹட்டனிலுள்ள குடும்ப வீட்டை விற்க முடிவுசெய்து, பார்க்க வருவோருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கும் மருமகன், பெயின்ட் வாளியைத் திறப்பதற்குமுன் இம்மூன்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதே இக்கடிதத்தின் சாரமாகும்.

இம்மலைநாட்டில் வீடு என்ற சொல்லுக்கு இருக்கும் கனத்தை முதலில் நினைவிற்கொள்ளுதல் நன்று. தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயக் காம்பரா, அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட நீண்ட கட்டடத்தின் ஓர் அறை, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகவே இருந்தது. அது வேலையோடு கிடைத்து வேலையோடு போகக்கூடியதாக இருந்ததேயன்றி, அதில் பிறந்து வளர்ந்தவருக்கு உரியதாக இருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் இந்நிலை மாறவில்லை. பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற அளவில் நிலம் ஒதுக்கித் தனிவீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், முன்பு உறுதியளிக்கப்பட்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பேர்ச்சஸ் என்பது ஏக்கரின் 160இல் ஒரு பங்காகும். 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடிக்குச் சமமானது. இவ்வரலாற்றின் காரணமாக, ஹட்டனில் வீடு தேடி வருபவர்களுள் பலர், ஊழியர் சேமலாப நிதியிலிருந்து கிடைத்த தொகையையும், மத்திய கிழக்கில் உழைத்துச் சேர்த்ததையும், அடகுக்குப் போன நகையின் பணத்தையும் ஒன்றாக்கி, தம் குடும்பத்திலேயே முதன்முறையாக ஓர் உறுதியை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கப்போகிறவர்களாக இருப்பர். அத்தகையவர்க்கு வீட்டைக் காட்டுதல் வெறும் வியாபாரம் அன்று.

முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது காகிதம் ஆகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. எனவே வாய்ப்பேச்சும் முற்பணமும் உரிமையை மாற்றமாட்டா. விற்பவரின் பெயரிலுள்ள உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், உரிமம்பெற்ற நில அளவையாளர் வரைந்த படம், அடைமானம் எதுவும் நிலுவையில் இல்லை என்பதைக் காட்டும் காணிப் பதிவகப் பிரதிகள், ஹட்டன்–டிக்கோயா நகர சபைக்கு ஆதன வரி செலுத்திய பற்றுச்சீட்டுகள், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியே வீடு கட்டப்பட்டதென்பதற்கான சான்றிதழ் ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். வாங்குபவரின் சட்டத்தரணி பொதுவாக முப்பது ஆண்டுகால உரிமைத் தொடரை ஆராய்வார் என்பதால், தொடரில் இடைவெளி ஏதும் இருப்பின், உதாரணமாகக் காலஞ்சென்ற பெரியவர் ஒருவரின் பங்கு முறைப்படி மாற்றப்படாமல் இருப்பின், அதனை விற்பவரே முன்கூட்டித் தீர்த்துவைத்தல் கடமையாகும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. லயக் காம்பராவையோ, உறுதி கிடைக்காத தோட்ட வீட்டையோ சாவியைக் கைமாற்றி விற்பது விற்பனையே ஆகாது. அரச அனுமதிப்பத்திரத்தின் கீழுள்ள காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. இந்த வீட்டின் கதை வேறு என்றாலும், இதனைக் காட்டித் தம் தோட்ட வீட்டையும் அவ்வாறு விற்க நினைக்கும் உறவினருக்கு இதை எடுத்துச் சொல்லுதல் மருமகனின் பொறுப்பாகும்.

இரண்டாவது சரிவும் நீரும் ஆகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்த நாளிலிருந்தும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு மலைநாட்டைக் கிழித்துப்போட்ட நாளிலிருந்தும், வாங்க வருபவரின் கண் முதலில் வீட்டின் பின்புறத்து மண்மேட்டையே தேடுகிறது; தேடுவதும் நியாயமே. எனவே மேட்டின்மேல் ஓடும் கான், அதாவது மழைநீர் வடிகால், இலைகுழையின்றி வெட்டித் துப்புரவாக்கப்பட வேண்டும். தாங்கு சுவரின் நீர்வடி துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும், ஏனெனில் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணின் கனம் மட்டுமன்று, வெளியேற வழியின்றி அதன் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமுமாகும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கிய ஊற்றுநீர் ஆகியவை சரிவு நகர்வதன் அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் விற்பனையை நிறுத்திவைத்து, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறுதல் வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதபோதும் அந்நிறுவனத்தின் அறிக்கையைக் கோப்பில் வைத்திருப்பது நூறு வாக்குறுதிகளைவிட வலியதாகும். குடிநீர் ஊற்றிலிருந்து குழாய்வழி வருவதாயின், அக்குழாய் யாருடைய நிலத்தின் வழியே வருகிறது, அதற்கு எழுத்துமூலமான இணக்கம் உண்டா, வரட்சியில் நீர் குறையுமா என்பனவற்றையும் கேட்பதற்குமுன் சொல்லுதல் தகும்.

மூன்றாவதாகவே வீட்டின் தோற்றம் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் ஈரமே வீட்டின் நிரந்தரப் பகையாகும். சுவரில் கருமையாகப் படர்ந்த பூஞ்சணத்தின்மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் அது அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் வெளிப்பட்டு, விற்றவரின் பெயரைக் கெடுக்கும். ஆகவே தகரத்தின் ஆணித்துளைகளையும் பீலியின் ஒழுக்கையும் முதலில் அடைத்து, சுவரை நன்கு கழுவி உலரவிட்ட பின்னரே வண்ணம் பூசுதல் முறையாகும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் சுவர் உலர்வது அரிது என்பதால், இவ்வேலைக்கும் வீடு காட்டுவதற்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. படிக்கட்டின் பாசியைச் சுரண்டுதல், தளர்ந்த கைப்பிடியை இறுக்குதல், இஸ்தோப்பை, அதாவது முன்திண்ணையை, வெறுமையாக வைத்தல், பெரிய தளபாடங்களை ஒதுக்கி அறையின் அளவு தெரியச் செய்தல் ஆகியவை சிறு செலவில் முடிபவை. பார்க்கும் நாளைக் காலையில் வைப்பது நன்று. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சமும் எல்லைக் கற்களும் மறைந்துபோகும். நகைகளையும் அடையாள அட்டைகளையும் அன்று வேறிடத்தில் வைத்தல் பாதுகாப்பாகும். கோப்பிலுள்ளவற்றின் பிரதிகளையே காட்ட வேண்டுமேயன்றி, மூல உறுதியை எவர் கையிலும் கொடுத்தல் ஆகாது.

வருபவர் தம் மூத்தோரையும், நம்பிக்கையான பாஸ் ஒருவரையும், அதாவது கட்டடத் தொழிலாளியையும், அழைத்துவரக்கூடும். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் தமக்குள் கலந்துபேசவும் தனிமை அளித்தல் மரியாதையாகும். ஒவ்வோர் அறையிலும் பின்தொடர்ந்து புகழ்ந்துகொண்டிருப்பது ஐயத்தையே வளர்க்கும். மழைநாளில் மீண்டும் வந்து பார்க்க விரும்புகிறோம் என்று அவர்கள் கேட்டால், தயக்கமின்றி அழைக்க வேண்டும். அறிந்த குறையை மறைத்து விற்றவர் பின்னர் அதற்குப் பொறுப்பாக்கப்படுவதற்கு நாட்டின் சட்டத்திலும் இடமுண்டு. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அல்ல, அக்குறையோடு இரவில் உறங்கப்போவது இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகள் என்பதற்காகவே உண்மை சொல்லப்பட வேண்டும். குறைகளைச் சொல்லி விற்பதால் விலையில் சில இலட்சங்கள் குறையலாம். அக்குறைவை மருமகன் மனமார ஏற்றுக்கொள்ளட்டும். நூற்றாண்டுக்கும் மேலாகச் சொந்தக் கூரையின்றி வாழ்ந்த சமூகத்தில், ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் உறுதி எழுத்தளவிலும் நிலத்தளவிலும் உறுதியாகவே இருத்தல் வேண்டும்.

அன்புடன்,
தாய்மாமன்
ஹட்டன்