மருந்தும் மூடியும்

புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறும் என்பதை நம் இல்லத்து மூத்தோர் நன்கறிவர். குழம்பிலும் குற்றமில்லை, பாத்திரமும் தன்னளவில் நன்றே. இரண்டும் சேர்ந்திருக்குங்கால் தீங்கு பிறக்கின்றது. இவ்வுண்மை ஊசி மருந்துக்கும் பொருந்துமாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரப்பரின் இயல்பு

மருந்துக் குப்பியின் வாயை அடைப்பது இரப்பர் மூடி. மருந்து நிரப்பியே விற்கப்படும் ஊசிக்குழலின் உள்ளடைப்பும் இரப்பரே. இரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம், வினையூக்கிகள், சிதையாமல் காக்கும் பொருள்கள், நிரப்பிகள் முதலியன சேர்க்கப்படுகின்றன. இவற்றுள் பிணைப்புறாது எஞ்சிய சிறு மூலக்கூறுகள் நாளடைவில் மருந்துக்குள் கசிந்திறங்கக்கூடும். மருந்தின் கலவை, வெப்பநிலை, சேமிப்புக் காலம் ஆகியவற்றைப் பொறுத்து இக்கசிவின் அளவு அமையும்.

எப்ரெக்ஸ் தந்த பாடம்

சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயெட்டின், எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டுவது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அதனை ஊசி வழியே செலுத்துவர். அத்தகைய மருந்துகளுள் ஒன்றான எப்ரெக்ஸின் கலவை 1998இல் ஐரோப்பாவில் மாற்றப்பட்டது. மனிதக் குருதிப் புரதம் வழியே நோய் பரவிவிடலாகாது என்று கருதி, அதனை நீக்கிப் பாலிசார்பேட் 80 சேர்க்கப்பட்டது.

பின்னர், மருந்து பெற்றோருள் சிலர்க்குச் சிவப்பணு உற்பத்தி ஏறத்தாழ நின்றே போயிற்று. மருந்துக்கு எதிராக அவர்தம் உடலில் தோன்றிய எதிர்ப்பொருள், உடல் தானே சுரந்த எரித்ரோபொயெட்டினையும் செயலிழக்கச் செய்தது. சோகை தீர மருந்துண்டோர் பிறர் குருதியை நம்பி வாழ நேர்ந்தது. 2002இல் நிக்கோல் காசடவால் குழுவினர் இவ்வாறு பாதிப்புற்ற 13 நோயாளரைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர்.

காரணங்களுள் ஒன்றாக ஆய்வாளர் சிலர் சுட்டியது இரப்பர் அடைப்பையே. பாலிசார்பேட் சவர்க்காரம் போன்ற இயல்புடையது. பூச்சில்லாத இரப்பரிலிருந்து கரிமச் சேர்மங்களை அது பிரித்தெடுத்தது. அவை உடலின் எதிர்ப்பைத் தூண்டின என்பது அவர்தம் விளக்கம். புரத மூலக்கூறுகள் ஒன்றுதிரண்டமையே காரணம் என்பாரும் உளர். 2002இல் சிறுநீரக நோயாளர்க்கு அம்மருந்தைத் தோலடியில் செலுத்துவது ஐரோப்பாவில் தடுக்கப்பட்டது. 2003 அளவில் ஃபுளூரின் பிசின் பூசிய அடைப்புகளும் வந்தன. பித்தளைக்கு ஈயம் பூசியது போன்றதே இதுவும். இம்மாற்றங்களுக்குப் பின் நோய் பெரிதும் குறைந்தது.

முடிவுரை

மருந்தைத் தனியே சோதித்தலும் மூடியைத் தனியே சோதித்தலும் போதா. இரண்டும் ஒன்றாயிருக்கும் நிலையில், பயனுறும் நாள் வரையிலும் சோதித்தல் வேண்டும். நன்மை கருதிச் செய்யும் மாற்றத்திற்கும் இது பொருந்தும். மருந்தியலும் வேதியியலும் பயிலும் மாணவர் மூடியையும் மருந்தின் ஓர் உறுப்பாகவே கொள்வாராக.