பத்து வருடக் கட்டி திடீரென்று பெருத்தால்...

மருத்துவம்: கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, கமம் செய்கிறார். இடது கெண்டைக்காலில் பத்து வருடத்துக்கு மேலாகக் கடலை அளவில் ஒரு கட்டி இருந்தது. போர்க்காலச் செல் (எறிகணை) துண்டாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். நாலைந்து மாதமாக அது பெருத்து, தட்டுப்பட்டாலே இரத்தம் கசிகிறது. துண்டெடுத்துச் சோதித்ததில் ‘போரோகார்சினோமா’ என்று வந்திருக்கிறது. இது என்ன வருத்தம்?
– வாசகி, பரந்தன்

பதில்: வியர்வைச் சுரப்பியின் குழாயில் உண்டாகும் புற்றுநோய் இது. மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய குழாயொன்று தோலின் மேற்பரப்புக்கு வருகிறது. அதன் மேல்நுனியில் வளரும் தீங்கற்ற கட்டிக்குப் போரோமா என்று பெயர். புற்றாக வளர்வது போரோகார்சினோமா. 1963இல் பிங்கஸ், மெஹ்ரகன் என்ற இரு மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். பத்தாயிரம் தோல் கட்டிகளை எடுத்தால் இதில் ஒன்று தேறுவதே அரிது.

பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் வருகிறது; அதிகம் காணப்படும் இடங்களில் கால் முக்கியமானது. பல வருடம் சும்மா கிடந்த போரோமா புற்றாக மாறுவதும் உண்டு. வேகமாகப் பெருப்பது, புண்ணாவது, இரத்தம் கசிவது, நோவது ஆகியவை அந்த மாற்றத்தின் அறிகுறிகள்.

வன்னியில் உடம்புக்குள் இரும்போடு நடமாடுபவர்கள் பலர். அதனால் செல் துண்டு என்று நினைத்தது இயல்புதான். ஆனால் உலோகத் துண்டென்றால் ஒரு எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். பழைய காயத் தழும்பு ஆறாத புண்ணாகி, வருடக்கணக்கில் இழுபட்டு, வேறு வகைத் தோல் புற்றாக மாறுவதும் உண்டு. அதையும் துண்டெடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பார்த்தவுடன் வைத்தியரால் சொல்ல முடியாதா? இப்படியான கட்டிகளைப் பாலுண்ணி என்று வெட்டி எறிந்தவர்களை எங்களுக்குத் தெரியும்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முடியாது. பாலுண்ணி, இரத்தக்கட்டி, வேறு தோல் புற்றுகள் எல்லாமே வெளித்தோற்றத்தில் இதைப்போல இருக்கலாம். அதனால் சின்னக் கட்டியென்றாலும் வெட்டியதைக் குப்பையில் போடாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே நடப்பது இதுதான். போர்மலினில் போட்டு வந்த துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு தடிப்பில் சீவுவார்கள். அதற்கு ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். ஒழுங்கில்லாத கலங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குழாய்த் துவாரங்கள் தெரிந்தால், சந்தேகம் வியர்வைச் சுரப்பியின் பக்கம் திரும்பும். பிறகு சிறப்புச் சாயங்களால் உறுதிசெய்வார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மார்பகமும் வியர்வைச் சுரப்பியின் உறவுதான். அதனால் மார்பகப் புற்று தோலுக்குப் பரவினாலும் சில வேளை நுணுக்குக்காட்டியில் இதைப்போலவே தெரியும். வியர்வைச் சுரப்பிப் புற்று என்று எழுதுமுன் உடம்பின் வேறு இடங்களையும் சோதிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: வெட்டி எடுத்தால் போதுமா? இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டுமா?
– வாசகி, பரந்தன்

பதில்: முதன்மைச் சிகிச்சை சத்திரசிகிச்சைதான். கட்டியை மட்டும் தோண்டி எடுக்காமல், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக எடுப்பார்கள். ஓரங்களில் புற்றுக் கலம் இல்லையென்று ஆய்வுகூடம் சொல்ல வேண்டும். இருந்தால் மறுபடி வெட்ட நேரும். கெண்டைக்காலில் இடைவெளி பெரிதானால் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள்.

கவட்டில் நெறி கட்டியிருக்கிறதா, அதாவது நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதும் முக்கியம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுகிறது. ஏறக்குறைய அதேயளவு பேருக்கு வெட்டிய இடத்திலேயே திரும்ப வருகிறது. அதனால் கணுக்களை ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஊசியால் குத்திச் சோதிப்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் சேரும். தூரப் பரவிவிட்டால் கீமோ கொடுப்பதுண்டு. ஆனால் நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்துத் திட்டம் இன்னும் அமையவில்லை.

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை இழுக்கும். கண்ணுக்கருகே துண்டு இருந்தால் பெரிய ஆபத்து. அப்படியானவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கலாம்.

முதலில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டலாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். கொழும்புக்கு அருகே மஹரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகத் தேவையா என்பதை நிபுணர்களே முடிவு செய்வார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

கேள்வி: வெயிலில் வியர்க்க வியர்க்க வயல்வேலை செய்வதால் வந்ததா? வீட்டில் மற்றவர்களுக்கும் வருமா?
– வாசகர், முரசுமோட்டை

பதில்: வியர்ப்பதால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. பொதுவாகப் பரம்பரையாக வரும் நோயும் அல்ல. நாட்பட்ட போரோமா, குறைந்த நோயெதிர்ப்புச் சக்தி, முன்பு பெற்ற கதிர்வீச்சு ஆகியவற்றோடு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகள் பலவற்றில் யாப்1 என்ற மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் நடப்பது, பிள்ளைகளுக்குப் போகாது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிளினிக் திகதிகளைத் தவறவிடக் கூடாது. குளிக்கும்போது தழும்பையும் கவட்டையும் தடவிப் பார்த்து, புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த திகதிவரை காத்திராமல் போக வேண்டும். ஆய்வுகூட அறிக்கையின் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டும்.