சர்க்கரை மாத்திரையோடு மூலிகை கேப்சூலா?

சர்க்கரை நோய் நாள்பட்டால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் போன்ற உறைவுப் பொருட்கள் கூடும், தட்டணுக்களும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கத்தான் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் தருகிறார்கள். கண்டமங்கலம் பக்கம் இவற்றோடு பூண்டு, மஞ்சள் கேப்சூலும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்.

குழம்பில் போடும் பூண்டும் மஞ்சளும் பயப்பட வேண்டியவை அல்ல. செறிவூட்டிய கேப்சூல்தான் வேறு. பூண்டு, மஞ்சள், ஜின்கோ கேப்சூல்கள் ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். வெந்தயப் பொடியும் சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கும்; சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் அது அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் முருங்கைக் கீரையை விட வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிடுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறிக்கும்போதே மூலிகை டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்துவது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் மூலிகை விவரத்தைச் சொல்லுங்கள்.

மலம் கருப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அன்றே போங்கள்.