கண்ணைக் காக்கும் ஓர் எண்

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் நன்றாகச் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார் என்றால் அவருக்கு ஆபத்தில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் உடம்பைப் பார்த்து இந்நோயை அளக்க முடியாது. அதற்கு இரண்டு இரத்தப் பரிசோதனைகள் உள்ளன. அவற்றை இம்முறை அறிந்துகொள்வோம்.

முதலாவது, சி.டி.4 எண்ணிக்கை. சி.டி.4 என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. உடலுக்குள் கிருமி நுழைந்தால் மற்ற எதிர்ப்பு அணுக்களை ஏவிவிடுவது இதுவே. எச்.ஐ.வி. அழிப்பதும் இதைத்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை எனக் கொள்வர்.

இரண்டாவது, வைரல் லோடு. இரத்தத்தில் எத்தனை வைரஸ் உள்ளது என்பதை இது காட்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முதலில் இது குறையும், சி.டி.4 மெதுவாக ஏறும்.

சி.டி.4 குறையக் குறைய, உடலில் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் வைரஸ்கள் விழித்துக்கொள்கின்றன. அக்கி, எண்ணிக்கை 200-க்கு மேல் இருக்கும்போதே வரலாம். சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவருகிறது. சி.டி.4 எண்ணிக்கை 50-க்குக் கீழே போனவர்களுக்கு அது கண்ணின் விழித்திரையைத் தாக்கக்கூடும். கண் சிவக்காது, வலிக்காது. பூச்சி பறப்பது போன்ற புள்ளிகள், மின்னல் வெட்டு, பார்வையில் ஒரு பக்கம் நிழல் விழுதல், மங்கல் ஆகியவையே அறிகுறிகள். சிலருக்கு இவையும் இருப்பதில்லை. எனவே எண்ணிக்கை மிகக் குறைந்தவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வால்கான்சைக்ளோவிர் போன்ற மருந்துகள் நோய் பரவுவதைத் தடுக்கும். அழிந்துபோன விழித்திரை மீண்டும் வராது. அதனால் நாள் தள்ளக் கூடாது.

இன்னொரு செய்தி. ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது கண்ணுக்குள் அழற்சி உண்டாகிப் பார்வை மங்கலாம். சிலர் மாத்திரையால் வந்த கேடு என்று பயந்து தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்தில்லை. 2004 முதல் அரசு மையங்களில் ஏ.ஆர்.டி. இலவசமாகக் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் இலவசம். 1097 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒருவரின் நோய் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மருந்திருந்தும் பார்வை போவதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுவது. ஆகவே நம் தெருவில் ஒருவர் மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போய்வந்தால், என்ன நோய் என்று துருவாமல் இருப்போம். துணைக்கு ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்போம்.